போர்த்துகல் டின் மீன்: எதை வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது?

பாம்பன் வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் மாதம் அலுவலக வேலையாக லிஸ்பனுக்குப் போகிறேன். வேலை முடிந்ததும் வடக்கே போர்ட்டோ நகரையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறேன். அந்த நாட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு செய்தி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே டின் மீனுக்கென்றே தனிக் கடைகள் உள்ளன. டின்னைத் திறந்து ரொட்டியோடு மேசைக்குக் கொண்டுவரும் உணவகங்கள் உள்ளன. நூறு ஆண்டுகளைத் தாண்டிய தொழிற்சாலைகளில் இன்றும் மத்தி மீனைப் பெண்கள் கையால் அடுக்குகிறார்கள்.

எங்கள் வீடு கடல் தொழில் வீடு. கரைக்கு வந்த மீன் அன்றே குழம்பாகும், மிஞ்சியது உப்புக் கண்டு கருவாடாகும். டின் மீன் என்பது இலங்கையிலிருந்து வரும் உறவினர் பையிலும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டியிலும் மட்டுமே நாங்கள் பார்த்த பொருள். புயல் எச்சரிக்கை ஏற்றிய நாளில் உதவும் என்று அலமாரியில் வைத்திருப்போமே தவிர, விருந்தினர் இலையில் அதை வைத்ததில்லை. ஒரு நாட்டு மக்கள் அதையே பெருமையோடு உண்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கத்தான் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு, அவர்கள் உண்ணும் முறையிலேயே உண்டு பார்க்க விரும்புகிறேன்.

முதல் முறை வாங்குபவர் எதில் தொடங்கலாம்? ஒரே அளவு டின்னுக்கு விலை ஏன் பல மடங்கு வேறுபடுகிறது? உள்ளிருக்கும் எண்ணெயை வடித்துவிட வேண்டுமா? தொழிற்சாலை எதையேனும் வெளியாள் பார்க்க முடியுமா? என் தந்தையார் தனியாக ஒன்று கேட்கச் சொன்னார்: அந்த மத்தியை அவர்கள் எந்த வலையில் பிடிக்கிறார்கள், அங்கேயும் தடைக்காலம் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கீழக்கரைக்காரர், லிஸ்பனில் பல ஆண்டுகள் வணிகம் செய்தவர்:

தங்கைக்கு வணக்கம். நம் கரையில் பிறந்த பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. மீனை அறிந்த நாக்குக்குத்தான் அந்த டின்னில் என்ன இருக்கிறது என்பது முழுமையாகப் புலப்படும்.

முதலில் ஒரு வேண்டுகோள். சுற்றுலாப் பயணிகள் கூடும் சதுக்கங்களில் வண்ண விளக்கும் ராட்டினமுமாக அலங்கரித்த கடைகளைப் பார்ப்பீர்கள். ஒவ்வோர் ஆண்டின் எண்ணையும் பெரிதாக அச்சிட்டு, பிறந்த ஆண்டுக்குரிய டின்னை வாங்கிப் போகச் சொல்வார்கள். அந்த எண் உறையைச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் மீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பரிசளிக்க அவை அழகானவைதான், ஆனால் சுவையை அறிவதற்கு அங்கே தொடங்க வேண்டாம். உங்கள் தங்கும் விடுதிக்கு அருகில் பிங்கோ டோஸ், கொன்டினென்ட் போன்ற சாதாரண அங்காடி ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே ஒரு சுவர் நீளத்துக்கு டின் மீன் அடுக்கியிருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வாரச் சாமானோடு வாங்குவது அதைத்தான். ஒன்றிரண்டு யூரோவுக்கே உண்ணத்தக்க மத்தி டின் கிடைக்கும். அதைவிடச் சில யூரோ கூடக் கொடுத்தால் பெயர் பெற்ற பழைய தொழிற்சாலைகளின் சரக்கு கிடைக்கும். அதற்கு மேலே போகும் விலையில் பெரும்பங்கு உறைக்கும் கடை வாடகைக்கும் போகிறது என்பது என் கருத்து.

உறையில் உள்ள சில சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். சர்தீன்யா என்பது மத்தி. கவாலா என்பது அயிலை இனம். கரப்பாவ் என்பது பாரைக் குடும்பத்துச் சிறு மீன். அத்தூன் சூரை, லூலஷ் கணவாய், பொல்வு பேய்க்கணவாய். அதற்கடுத்துப் பார்க்க வேண்டியது எண்ணெய். அஸெய்த்த் என்று இருந்தால் ஆலிவ் எண்ணெய். ஓலியு என்று தொடங்கினால் சூரியகாந்தி முதலிய வேறு எண்ணெய். விலை வேறுபாட்டுக்கு முதற்காரணம் இங்கேயே இருக்கிறது. முதல் டின்னாக, தக்காளியும் மிளகாயும் எதுவும் சேராத, ஆலிவ் எண்ணெயில் இட்ட மத்தியையே வாங்குங்கள். மசாலா சேர்ந்தவற்றுக்குப் பிறகு போகலாம். மீன் எப்படிப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். தோலும் முள்ளும் நீக்கியது என்று தனியாக ஒரு வகை விற்பார்கள். அதை நம்மவர்கள் வாங்க வேண்டியதில்லை. சுவையும் கொழுப்பும் தோலுக்கு அடியில்தான் இருக்கின்றன. முள்ளோ வேக்காட்டில் மெத்தென்று ஆகி, மென்று விழுங்கும்படி இருக்கும்.

உண்ணும் முறை மிக எளியது. டின்னைத் திறந்து, மேலோடு தடித்த நாட்டு ரொட்டியை வெட்டி வைத்து, மீனை முழுதாக எடுத்து அதன் மேல் கிடத்தி, ஒரு முள்கரண்டியால் லேசாக அழுத்திப் பரப்பி, எலுமிச்சை இரண்டு சொட்டு விடுவார்கள். வடக்கே போனால் சோளமாவு கலந்த ப்ரோவா என்ற ரொட்டி கிடைக்கும். மத்திக்கு அதைவிடப் பொருத்தமான துணை அந்த நாட்டில் நான் கண்டதில்லை. எண்ணெயை வடித்துக் கொட்டிவிடாதீர்கள். மீனின் கொழுப்பு முழுதும் அதில் இறங்கியிருக்கிறது. ரொட்டியின் உட்பகுதியைப் பிய்த்து அதில் தோய்த்து, டின்னின் அடி தெரியும்வரை துடைத்து உண்பதே அங்கே வழக்கம்.

சூரை டின் வாங்கினால் அவர்கள் வீட்டில் செய்யும் ஓர் உணவைத் தேடிச் சாப்பிடுங்கள். நம்மூர்த் தட்டைப்பயறு போன்ற அதே கருங்கண் பயறை வேகவைத்து, நறுக்கிய வெங்காயம், பார்ஸ்லி தழை, அவித்த முட்டை, டின் சூரை எல்லாவற்றையும் ஆலிவ் எண்ணெயும் வினிகரும் விட்டுக் கலந்து ஆறவைத்து உண்பார்கள். சிறிய உணவகங்களில் மதிய வேளையில் கிடைக்கும். நம் வாய்க்கு அன்னியமாகவே இருக்காது.

உணவகங்களில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், சிறு டின்னில் மத்தி விழுது அல்லது சூரை விழுது ஆகியவற்றை மேசையில் வைப்பார்கள். அவை இலவசம் இல்லை. தொட்டால் கணக்கில் வரும், தொடாமல் விட்டால் வராது. அந்த விழுதை ஒருமுறை உண்டு பார்ப்பது தவறில்லை. விலை தெரிந்து உண்டால் போதும்.

கடை என்று கேட்டால், லிஸ்பனில் பக்கல்யோய்ருஷ் தெருவில் இருக்கும் கொன்சர்வைரா டி லிஷ்போவாவுக்குப் போங்கள். 1930-இல் தொடங்கிய கடை. பழைய மர அலமாரிகளில் டின்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். நீங்கள் வாங்கியதைக் காகிதத்தில் சுற்றி நூலால் கட்டித் தருவார்கள். எதை இப்போது உண்ணலாம், எதை வைத்திருந்து உண்ணலாம் என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். உட்கார்ந்து சாப்பிட, கைஷ் டு சொட்ரே பகுதியில் சோல் இ பெஷ்கா என்ற சிறு இடம் பெயர் பெற்றது. தூண்டில், நரம்பு, வலைச் சாமான் விற்ற கடையையே அப்படி மாற்றினார்கள். நம் கரைப் பிள்ளைக்கு அந்த அலமாரிகளைப் பார்க்கவே பிடிக்கும்.

நம் முஸ்லிம் சமுதாயத்தார் யாரேனும் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை: மீன் டின் பொதுவாக உண்ணத்தக்கதே, நம் கரையினர் பின்பற்றும் ஷாஃபி மார்க்கச் சட்ட வழக்கில் கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் தடையில்லை. ஆயினும் சேர்மானப் பட்டியலில் வின்யு என்றால் ஒயின், போர்கு என்றால் பன்றி. இவ்விரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

மண்டபத்திலிருந்து ஒருவர், மீன் பதனத் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்றவர்:

மகளுக்கு வாழ்த்துகள். கீழக்கரை அன்பர் வாங்குவதையும் உண்பதையும் நன்றாகச் சொல்லிவிட்டார். விலை ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு எண்ணெயோடு மீனின் பருவத்தையும் கைவேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் வாழ்ந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

போர்த்துகலின் மத்தி நம் மத்தி இல்லை. நம் கரையில் சாளை, சூடை, பேய்ச்சாளை என்று வழங்கும் மீன்கள் சார்டினெல்லா இனத்தவை. அவர்களுடையது சார்டினா பில்கார்டஸ். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1989-ஆம் ஆண்டு விதி, சார்டீன் என்ற பெயர் மட்டும் போட்டு டின்னில் விற்பதற்கான உரிமையை இந்த இனத்துக்கே கொடுத்தது. அந்நாட்டு மேற்குக் கரையில் கோடைக்காலம் முழுதும் வடக்கிலிருந்து பலத்த காற்று வீசும். அது மேல்நீரைக் கரையை விட்டு விலக்கித் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, ஊட்டம் மிகுந்த நீர் மேலேறி வருகிறது. அதில் மிதவையுயிர்கள் பெருகுகின்றன. அதை உண்டு மத்தி கொழுக்கிறது. குளிர்காலத்தில் முட்டையிட்டு மெலியும் மீன், வசந்தத்தில் கொழுப்பு வற்றி வறண்டிருக்கும். கோடையின் பின்பாதியில் அதே மீனின் கொழுப்பு பல மடங்காகும். புனித யோவான் திருநாளுக்கு, அதாவது ஜூன் 24-க்கு, மத்தி ரொட்டியின் மேல் சொட்டும் என்று அவர்களிடையே ஒரு பழமொழி உண்டு. சுட்ட மீனிலிருந்து கொழுப்பு உருகி ரொட்டியில் இறங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நீங்கள் போகும் செப்டம்பரிலும் மீன் கொழுப்போடுதான் இருக்கும், ஆகவே டின் மீனைச் சுவைக்கும் முன்பு கரியில் சுட்ட புது மத்தியையும் ஒருநாள் உண்டுவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

நல்ல தொழிற்சாலை இந்தக் கொழுத்த பருவத்தின் மீனை ஏலக்கூடத்தில் எடுத்து அன்றே வேலையைத் தொடங்கும். மலிவான டின் பெரும்பாலும் உறைய வைத்த மீனில் ஆவது. உறைந்து உருகிய மத்தியின் தசை தளர்ந்து, டின்னுக்குள் உதிரும். திறந்ததும் மீன் முழுதாக, வெள்ளித்தோல் கிழியாமல், வயிறு வெடிக்காமல் இருந்தால் அது புது மீனில் ஆனது என்று பெரும்பாலும் நம்பலாம்.

அடுத்தது வேலை முறை. மரபு வழியில் செய்பவர்கள் தலையையும் குடலையும் கையால் நீக்கி, உப்புநீரில் சிறிது நேரம் ஊறவைத்து, கம்பித் தட்டில் வரிசையாக நிறுத்தி, நீராவியில் வேகவைத்து ஆறவிடுவார்கள். மீனில் உள்ள நீர் இந்த வேக்காட்டிலேயே வெளியேறிவிடுகிறது. பிறகுதான் வாலைக் கத்தரித்து, டின்னில் கையால் அடுக்கி, எண்ணெய் விட்டு மூடுகிறார்கள். பச்சை மீனை நேராக டின்னில் போட்டு வேகவைக்கும் முறையில் வேலை குறைவு, ஆனால் மீன் விடும் நீரை வடித்தாலும் ஓரளவு உள்ளே தங்கிவிடும். எண்ணெய் தெளிவாக இருக்கிறதா, அடியில் கலங்கிய நீர் நிற்கிறதா என்று பார்த்தாலே எந்த முறையில் செய்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். மூடிய டின்கள் அழுத்தக் கலனில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றப்படுகின்றன. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகளை அழிக்க அந்த வெப்பம் தேவை. இதில் வேதிப் பாதுகாப்பான் எதுவும் சேர்ப்பதில்லை. வெப்பமும், காற்று புகாத மூடியுமே மீனைப் பல ஆண்டுகள் காக்கின்றன.

நல்ல ஆலிவ் எண்ணெய் மத்தியை உடனே உண்ணாமல் வைத்திருந்து உண்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஊறுகாய் நாளாக ஆகக் கூடி வருவதைப் போல, எண்ணெயும் மீனும் டின்னுக்குள் ஒன்றையொன்று ஊடுருவி, தசை மென்மையாகி, சுவை முழுமை பெறும். சில மாதங்களுக்கு ஒருமுறை டின்னைத் திருப்பி வைப்பார்கள். இது ஆலிவ் எண்ணெயில் இட்டவற்றுக்குப் பொருந்தும். தக்காளிச் சாற்றில் இட்டதை அப்படி வைத்திருப்பதில் பயன் இல்லை.

இந்தத் தொழில் அங்கே வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். டின்னில் மத்தி அடைக்கும் முறை பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வளர்ந்தது. போர்த்துகலில் இராமிரெஸ் நிறுவனம் 1853-இல் தெற்குக் கரையில் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது. 1880-களில் பிரெஞ்சுக் கரையில் மத்தி வரத்து குறைந்தபோது அந்நாட்டு முதலாளிகள் தெற்கே வந்து செத்துபல் முதலிய ஊர்களில் ஆலைகள் அமைத்தார்கள். முதல் உலகப் போரில் போர்முனைக்குத் தேவையான உணவாக டின் மீன் ஏற்றுமதி பெருகியது. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த ஆலைகளில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அந்த ஆலைகளைத் தாங்கியவர்கள் பெண்கள். படகு மீனோடு துறைக்கு வந்ததும் ஆலைச் சங்கு ஊதும். நடுநிசியானாலும் அந்தச் சங்கொலி கேட்டுப் பெண்கள் வேலைக்கு ஓட வேண்டும். மீன் வரும் நேரமே வேலை நேரம் என்பதை நம் மண்டபத்து மீன் கம்பெனிகளில் இறால் உரித்த தாய்மார்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உழைப்பைக் கண்ணால் பாராமல் திரும்ப வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பார்ப்பதற்கு இடம் இருக்கிறது. போர்ட்டோவிலிருந்து மெட்ரோவில் மட்டோசின்யோஷ் என்ற துறைமுக ஊருக்குப் போகலாம். அங்கே 1920-இல் தொடங்கிய பின்யைஷ் ஆலை பார்வையாளர்களை முன்பதிவு செய்து அனுமதிக்கிறது. நூரி என்ற பெயரில் வரும் மத்தி அங்கேதான் ஆகிறது. கத்தரிப்பதும், அடுக்குவதும், டின்னைக் காகிதத்தில் சுற்றுவதும் கைவேலையாகவே நடப்பதைக் காணலாம். பார்வையாளர் வசதிக்கென்று உற்பத்தி நடப்பதில்லை, மீன் வந்தால்தான் வேலை. ஆகவே முன்பதிவு செய்யும்போதே அன்று வேலை நடக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லிஸ்பனிலிருந்து தெற்கே போக வாய்த்தால் செத்துபலில் பழைய டின் மீன் ஆலைக்குள் அமைந்த உழைப்பு அருங்காட்சியகம் ஒன்றும், போர்ட்டிமாவ் ஊரில் 2008-இல் அதேபோல் ஆலைக் கட்டடத்தில் திறந்த அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளன.

உங்கள் தந்தையாருக்கு: அங்கே மத்தியைப் பிடிப்பது, கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கும் வலையால்தான். நம் மாநிலத்தில் தடைக்கும் வழக்குகளுக்கும் உள்ளான சுருக்குமடியின் இனமே அது. ஆனால் அங்கே ஆண்டுக்கு இவ்வளவு, படகுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பிடியின் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. மீன் முட்டையிடும் குளிர்காலத்தை ஒட்டிப் பல மாதங்கள் மத்தி பிடிக்கக் கூடாது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்பதோடு இதை ஒப்பிடலாம். அவர்களுடையது மத்தி என்ற ஒரு மீனுக்கு உரிய தடை, நம்முடையது படகுக்கு உரிய தடை. 2010-களில் அந்தக் கரையின் மத்தி வளம் மிகவும் சரிந்தது. போர்த்துகலும் ஸ்பெயினும் சேர்ந்து பிடியைக் கடுமையாகக் குறைத்தன, மீனவர்கள் மிகவும் வருந்தினார்கள், அதன் பின்னரே வளம் மீண்டது. வலை ஒன்றை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்வதைவிட, எவ்வளவு பிடித்தார்கள் என்பதை யார் எழுதி வைக்கிறார்கள், யார் நிறுத்தச் சொன்னால் படகு நிற்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

இராமேசுவரம் இல்லத்தரசி:

என் மகன் போர்ட்டோவில் படித்தபோது நான் அவனோடு சில காலம் தங்கியிருந்தேன். சமைப்பவள் என்ற முறையில் இரண்டொரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

இந்த டின் மீனைப் புளிக்குழம்பில் போட்டுக் கொதிக்க விடாதீர்கள். நம் இலங்கை உறவினர்கள் கொண்டுவரும் டின் மீன் வேறு. அது குழம்புக்கும் சம்பலுக்கும் ஏற்றது. இது ஏற்கனவே இருமுறை வெந்து, எண்ணெயில் ஊறிய மீன். மறுபடி கொதித்தால் பொடியாகி, புளியும் மிளகாயும் மட்டும் மிஞ்சும். சூடான வடித்த சோற்றில் டின் எண்ணெயை ஒரு கரண்டி விட்டு, மீனை அதன்மேல் வைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தூவி எலுமிச்சை பிழிந்தால் போதும். கீழக்கரை அண்ணன் ரொட்டியைச் சொன்னார். சோற்றோடும் அந்த எண்ணெய் அதே அளவு நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம். பழைய சோற்றுக்குத் தக்காளி மத்தியைவிட மிளகாய் சேர்ந்த மத்தி பொருந்தும்.

மிளகாய் சேர்ந்ததைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐயா குறிப்பிட்ட நூரியில் மிளகாயோடு மிளகு, கிராம்பு, பிரிஞ்சி இலை, காரட், ஊறிய வெள்ளரிக்காய்த் துண்டு எல்லாம் டின்னுக்குள்ளேயே இருக்கும். மூடியைத் திறந்ததும் வரும் மணத்தில் நம் வீட்டு நெய்ச்சோற்று வாசம் கலந்திருக்கும். காரம் நம் முண்டு மிளகாய்க்குப் பழகிய நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. அமெரிக்கக் கண்டத்து மிளகாயைக் கப்பலில் ஏற்றி 16-ஆம் நூற்றாண்டில் நம் கரைகளுக்குக் கொண்டுவந்தவர்களே அவர்கள்தான். ஆனால் அங்கே மிளகாய் மணத்துக்காக எண்ணெயில் நின்றுவிட்டது, இங்கேயோ அது குழம்பின் உடலாகவே ஆகிவிட்டது.

விலாங்கு மீன் டின்னும் வாங்கிப் பாருங்கள், மகளே. அவெய்ரு பக்கத்து முர்தோசா என்ற ஊரில் பொரித்து, வினிகர் சேர்ந்த சாற்றில் ஊறவைப்பார்கள். புளிப்பு தூக்கலாக இருக்கும். எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். எனக்கு மிகவும் பிடித்தது.

பாம்பன் வாசகி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா எழுதிய வலைச் செய்தியை என் தந்தையாருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு படகுக்கு இவ்வளவு என்ற அளவை அங்கே துறையில் யார் நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று அவர் மேலும் கேட்கிறார்.

எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள். பேய்க்கணவாயை எங்கள் பக்கம் எல்லோரும் உண்பதில்லை. கிடைத்தால் ஏற்றுமதிக்குப் போகிறது. அதை டின்னில் வாங்கிப் பார்ப்பது பயனுள்ளதா? அடுத்து, ஊருக்குக் கொஞ்சம் கொண்டுவர நினைக்கிறேன். எதைக் கொண்டுவரலாம், எப்படிக் கட்டுவது?

மண்டபத்திலிருந்து ஒருவர்:

தந்தையார் கேட்டது சரியான கேள்வி. அங்கே கரையிறங்கும் மீன் பொதுவாக லோட்டா எனப்படும் அரசு சார்ந்த ஏலக்கூடத்தின் வழியாகத்தான் முதல் விற்பனைக்குப் போக வேண்டும். எடையும் விலையும் அங்கேயே பதிவாகிவிடுவதால் பிடியின் கணக்கு தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டியதாக இருப்பதில்லை.

சூரையைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. அசோர்ஸ் தீவுகளில், சாவ் ஜார்ஜ் தீவின் சாந்தா கத்தரினா ஆலை போன்றவை, கழியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகப் பிடித்த சூரையை டின்னில் அடைக்கின்றன. மாசிக்கருவாட்டுக்காக இலட்சத்தீவின் மினிக்காய்த் தீவினர் சூரை பிடிப்பதும் கழித் தூண்டிலால்தான். மாசி தெரிந்த வீட்டார் அந்தச் சூரையை உண்டு பார்க்க வேண்டும்.

தொண்டிக்காரர், கப்பல் பணியில் இருப்பவர்:

பேய்க்கணவாய் டின்னைத் தயங்காமல் வாங்குங்கள். அங்கே அது விலை உயர்ந்த, விரும்பப்படும் உணவு. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தது கிடைக்கும். அடுப்பில் பக்குவம் தவறினால் இரப்பராகும் அந்தச் சதை, டின்னில் மெதுவாக வெந்து இளகியிருக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கோடு உண்பது நல்லது. டின்னோடு வெந்நீரில் சற்று நேரம் வைத்து இளஞ்சூடாக்கிவிட்டுத் திறந்தால் எண்ணெய் நெகிழ்ந்து மணம் எழும். மூடியைத் திறக்காமல் அடுப்பின் மேல் நேரடியாக மட்டும் வைக்காதீர்கள்.

கொண்டுவருவதைப் பொறுத்தவரை, டின்களைக் கைப்பையில் வைக்க வேண்டாம். எண்ணெயில் இருக்கும் மீனை நீர்மமாகக் கருதி, 100 மில்லிலிட்டர் வரம்பைச் சொல்லிப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிட வாய்ப்புண்டு. சரக்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். இழுத்துத் திறக்கும் வளையம் உள்ள பக்கம் அடிபட்டால் மூடியின் கோடு விலகி எண்ணெய் கசியும். ஆகவே இரண்டு டின்களின் மூடிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் கட்டுவது என் வழக்கம். சாதாரண மத்தி டின் 125 கிராம் அளவில்தான் இருக்கும், அதில் எண்ணெய் நீங்கிய மீன் ஏறக்குறைய 90 கிராம். எடைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வாங்கும்போது ஒன்றை மட்டும் தவிருங்கள். கடைகளில் மத்திக்குப் பக்கத்திலேயே, அதே வடிவ டின்னில் உப்பில் முதிர்ந்த நெத்திலி இனத்து மீனும் இருக்கும். அன்ஷோவா என்று எழுதியிருப்பார்கள். அது மற்றவற்றைப் போல அழுத்தக் கலனில் வெந்தது இல்லை. உப்பின் வலுவில் மட்டுமே நிற்பதால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய பொருள். நம் ஊர் வெயிலுக்குப் பல மணி நேரப் பயணத்தில் அதைக் கொண்டுவரக் கூடாது. வேண்டுமானால் அங்கேயே ரொட்டியில் வெண்ணெய் தடவி உண்டு முடித்துவிடுங்கள். மற்ற டின்களைப் பாம்பனில் குளிர்பெட்டி இல்லாமலே நிழலான அலமாரியில் வைக்கலாம். கடற்காற்றின் உப்பு ஈரத்தில் தகரம் துருப்பிடிக்கும் என்பதால் காகித உறையைக் கழற்றாமல், மூடியுள்ள பாத்திரத்துக்குள் வையுங்கள். விளிம்பு நசுங்கியதும், மேல்தகடு உப்பியதும் கண்டால் திறந்து பார்க்காமலே எறிந்துவிட வேண்டும். திறந்த டின்னில் மிச்சமிருந்தால் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மீன் எண்ணெயில் மூழ்கியிருக்கும்படி குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் உண்டுவிடுங்கள்.